நேராகிவிட்ட கையில் நேராகாத மூட்டு: சிறுவர்களிடம் தவறவிடப்படும் முழங்கைக் காயங்கள்

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்பின் விளையாட்டு மைதானத்தில் குறுக்குக் கம்பிகளில் தொங்கிச் செல்லும் ஏழு வயதுப் பிள்ளை கை நழுவி விழுகிறது. முன்கை வீங்குகிறது, எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எலும்பில் முறிவு தெரிகிறது, மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரிக்கும்போது கை பார்வைக்கு நேராக இருப்பதால் வீட்டார் அந்த விழுகையை அத்துடன் மறந்துவிடுகிறார்கள். நான்கைந்து மாதங்கள் கழித்து, பள்ளிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் பிள்ளை தடுமாறுவதையோ, முழங்கையின் முன்புறம் சிறு புடைப்பு இருப்பதையோ யாராவது கவனிக்கிறார்கள். எலும்பு மருத்துவரிடம் சென்றால், மூட்டு அன்றிலிருந்தே விலகியிருக்கக்கூடும் என்றும், அதைச் சரிசெய்ய ஏற்கெனவே கூடிவிட்ட இன்னோர் எலும்பை வெட்டவேண்டும் என்றும் சொல்கிறார்.

இதைக் கேட்கும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. எக்ஸ்ரே எடுத்தும் விலகிய மூட்டு எப்படிக் கண்ணுக்குத் தப்பியது? விலகியது ஓர் எலும்பு என்றால், நன்றாக இருக்கும் மற்றோர் எலும்பை ஏன் வெட்டவேண்டும்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும் விதத்தில்.

மூன்று எலும்புகளும் ஒரு வளையமும்

பேச்சுவழக்கில் முழங்கை என்ற சொல் சில வேளை மூட்டையும், சில வேளை அதற்குக் கீழுள்ள பகுதியையும் குறிக்கிறது. இங்கே முழங்கை என்பது மூட்டை மட்டுமே குறிக்கும். அதற்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்டது முன்கை.

மேற்கையில் இருப்பது ஓர் எலும்பு. முன்கையில் இருப்பவை இரண்டு. சுண்டுவிரல் பக்கம் உள்ளது அரந்தி. மருத்துவர்கள் அதை அல்னா என்பார்கள். கட்டைவிரல் பக்கம் உள்ளது ஆரை, அதாவது ரேடியஸ். மேசையில் முழங்கையை ஊன்றும்போது மரத்தில் படும் கூர்மையான முனை அரந்தியினுடையது. கதவின் கீல்போல மடங்கி நிமிர்வது அதன் வேலை. கோயிலில் பிரசாதம் வாங்க உள்ளங்கையை ஏந்துவதும், விசைப்பலகையில் தட்டச்சிட அதைக் கவிழ்ப்பதும் ஆரையின் வேலை. அத்திருப்பத்துக்கு ஏற்ப ஆரையின் மேல்முனை வட்டமாக, நடுவில் சற்றே குழிந்த தலையாக அமைந்திருக்கிறது. மேற்கை எலும்பின் வெளிப்புற அடியில் உள்ள உருண்டைக் குமிழ் ஒன்றின்மேல் அக்குழி பொருந்திச் சுழல்கிறது. கேப்பிடெல்லம் என்பது அக்குமிழின் மருத்துவப் பெயர். ஆரைத் தலை அங்கிருந்து நழுவாமல், அதன் கழுத்தைச் சுற்றி வளையல்போல ஓடி அரந்தியோடு பிணைக்கும் நார் ஒன்று காக்கிறது. அதை வளைய நார் என்போம்.

அரந்தியும் ஆரையும் மேலே வளைய நாராலும், கீழே மணிக்கட்டருகே வேறு நார்களாலும், நடுவே நீளவாக்கில் ஓடும் உறுதியான சவ்வாலும் கட்டப்பட்டிருக்கின்றன. ஏணியின் இரண்டு கால்களை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கால் முறிந்து குறுகினால் மற்றது இருந்தபடியே நிற்க முடியாது. அதுவும் முறியவேண்டும், இல்லையேல் பிணைத்த இடத்திலிருந்து கழலவேண்டும். முன்கையில் ஓர் எலும்பு மட்டும் முறிந்திருப்பதாகப் படம் காட்டினால், மற்ற எலும்பு ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கிறதா என்று தேடவேண்டியதற்கு இதுவே காரணம். குறிப்பாக, பிள்ளையின் அரந்தி மட்டும் தனியாக முறிந்திருந்தால், ஆரைத் தலை தன் இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்யும் வரை அதை வெறும் முறிவாகக் கருதக்கூடாது.

1814இல் ஒரு மிலான் மருத்துவர் கண்டது

அரந்தி முறிந்து, ஆரைத் தலை முழங்கையில் விலகும் இந்தக் கூட்டுக் காயத்துக்கு மாண்டேஜியா முறிவு என்று பெயர். மிலான் நகர அறுவை மருத்துவர் ஜொவான்னி பத்தீஸ்தா மாண்டேஜியா இதை 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். ஆகவே அவரிடம் இருந்தவை கண்ணும் கையும் மட்டுமே. அவர் வருத்தத்தோடு நினைவுகூர்ந்த நோயாளிகளில் ஒரு பெண்பிள்ளையும் உண்டு. அரந்தியின் மேற்பகுதியில் மட்டும் முறிவு என்று நினைத்து அவர் கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டியபோது ஆரைத் தலை துருத்திக்கொண்டு வெளியே வந்தது. அதாவது, இக்காயம் மருத்துவ நூலில் இடம்பெற்றதே தவறவிடப்பட்ட ஒன்றாகத்தான். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதே கதை தொடர்வதைப் பார்க்கும்போது, இதைத் தனியொரு மருத்துவரின் அசட்டையாக மட்டும் கொள்வது பொருந்தாது என்றே தோன்றுகிறது. காயத்தின் அமைப்பே கண்ணை ஏமாற்றக்கூடியது.

உருகுவே நாட்டு மருத்துவர் ஹோசே லூயிஸ் பாடோ 1960களில் இக்காயத்தை நான்கு வகைகளாகப் பிரித்தார். ஆரைத் தலை எந்தத் திசையில் விலகுகிறது என்பதே முதல் மூன்றுக்கும் அடிப்படை. முதல் வகையில் அது முன்னோக்கியும், இரண்டாவதில் பின்னோக்கியும், மூன்றாவதில் பக்கவாட்டிலும் விலகும். நான்காவதில் தலை முன்னோக்கி விலகுவதோடு இரண்டு எலும்புகளுமே முறிந்திருக்கும். சிறுவர்களிடம் முதல் வகையே மிகுதி, அடுத்தது மூன்றாவது. இதன் எதிர்முனையிலும் ஒரு கூட்டுக் காயம் உண்டு: ஆரையின் கீழ்ப்பகுதி முறிந்து, மணிக்கட்டருகே அரந்தி விலகுவது. இத்தாலியரான கலியாட்சியின் பெயரால் அது வழங்குகிறது. சிறுவர்களிடம் அது அரிது என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

சிறுவர்களின் முன்கை முறிவுகளில் மாண்டேஜியா வகையைச் சேர்ந்தவை ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு. ஒரு பொது மருத்துவர் பல ஆண்டுகளில் ஓரிரு முறையே காணக்கூடிய காயம் இது. தவறவிடப்படுவதற்கு அந்த அரிய தன்மையும் ஒரு காரணம்.

படத்தில் இருந்தும் கண்ணில் படாதது ஏன்?

1. படம் எடுத்த இடம். வீக்கமும் வலியும் முன்கையின் நடுவில் இருந்தால் அங்கேயே படம் எடுக்கப்படுகிறது. முழங்கை அப்படத்தின் ஓரத்தில் சாய்ந்தபடி விழும், அல்லது விழாமலே போகும். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் படத்தில் இருக்கவேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தின் பழைய விதி. அழும் பிள்ளையின் கையை நேராக வைத்து முழங்கையைத் துல்லியமான பக்கவாட்டுக் கோணத்தில் படம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை, அதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

2. முதலில் கண்டதோடு நிறைவடையும் கண். அரந்தியின் முறிவு பளிச்சென்று தெரிகிறது. தேடியது கிடைத்துவிட்டது என்று மனம் அமைதியடையும்போது, அடுத்த மூட்டில் இருக்கும் விலகல் கவனத்துக்கு வருவதில்லை.

3. முறியாமல் வளையும் எலும்பு. காய்ந்த சுள்ளி பட்டென்று ஒடியும். பச்சை வேப்பங்குச்சி வளையும், ஒரு பக்கம் மட்டும் நார்நாராகப் பிளக்கும். பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சியைப் போன்றது. சில வேளைகளில் அரந்தியில் கோடுகூட விழாமல் அது வில்லைப்போல் வளைந்து நின்றுவிடும். முறிவே இல்லை என்று படம் சொல்லும், ஆனால் அவ்வளைவே ஆரைத் தலையை வெளியே தள்ளியிருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அரந்தியின் பின்விளிம்பை ஒட்டி ஒரு நேர்கோடு வைத்துப் பார்த்தால், எலும்பு அக்கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருப்பது இயல்பல்ல. தலை மட்டும் தனியாக விலகியிருக்கிறது என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலாரிடம் இப்படியொரு மறைந்த வளைவு இருக்கும்.

4. எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு. பிறந்த குழந்தையின் முழங்கை முனைகள் பெரும்பாலும் குருத்தெலும்பாலானவை. எக்ஸ்ரேயில் அது காலியிடமாகவே தெரியும். அதற்குள் எலும்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன: கேப்பிடெல்லம் ஏறத்தாழ 1 வயதில், ஆரைத் தலை 3இல், மேற்கை எலும்பின் அடியில் உள்ள உட்புற மேடு 5இல், டிராக்ளியா எனப்படும் நடு உருளை 7இல், அரந்தியின் முனை 9இல், வெளிப்புற மேடு 11இல். வயது சற்று முன்பின் ஆகலாம்; பெண்பிள்ளைகளிடம் சற்று முன்னதாகவே தோன்றும்; ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. எந்தத் துண்டு எலும்புப் புள்ளி, எது முறிந்த சில்லு என்று பிரித்தறிய இவ்வரிசையை மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

5. கட்டுக்குள் நிகழும் விலகல். இதைக் கண்டறியத் தவறியது என்று சொல்லமுடியாது. முதல் நாள் மூட்டு சரியாக அமர்ந்திருக்கும். வீக்கம் வடிந்து மாவுக்கட்டு தளர்ந்ததும் அரந்தி மெல்ல வளையும், ஆரைத் தலை மீண்டும் நழுவும். முதல் மூன்று வாரங்களில் வாரம் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பிள்ளை வலியில்லாமல் ஓடியாடுகிறதே என்று அந்த நாள்களைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு.

இவ்வளவு சிக்கலுக்கும் எதிராக மருத்துவரிடம் ஓர் எளிய கருவி இருக்கிறது. ஆரையின் கழுத்து வழியாக, அதன் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் அது கேப்பிடெல்லத்தின் ஊடே செல்லவேண்டும். கையை எந்தக் கோணத்தில் வைத்து எடுத்த படமானாலும் இவ்விதி பொருந்தும். ஒரு கோணத்தில் மட்டும் பொருந்தி மற்றொன்றில் விலகினால் மூட்டு விலகியிருப்பதாகவே கொள்ளவேண்டும். மிகச் சிறிய குழந்தைகளிடம் கோடு மையத்தைவிட்டுச் சற்றே தள்ளி விழலாம் என்பதால், ஐயம் இருந்தால் நல்ல கையையும் அதேபோல் படமெடுத்து ஒப்பிடுகிறார்கள்.

“குழந்தைதானே, வளர வளரச் சரியாகிவிடும்”

இந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். பிள்ளைகளின் எலும்பு கோணலாகக் கூடினாலும் வளர்ச்சியின்போது தன்னைத் தானே ஓரளவு திருத்திக்கொள்ளும். அத்திருத்தம் எலும்பின் முனையிலுள்ள வளர்தகட்டின் வேகத்தைப் பொறுத்தது. ஆரையின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு மணிக்கட்டுப் பக்கத்துத் தகட்டிலிருந்து வருகிறது. மேற்கை எலும்பிலும் அதே அளவு தோள் பக்கத்திலிருந்து வருகிறது. முழங்கையைச் சுற்றியுள்ள தகடுகளின் பங்கு மிகச் சிறிது. எனவே மணிக்கட்டருகே கோணலாகக் கூடிய முறிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லலாம். அதே ஆறுதலை முழங்கைக்கு எடுத்துச் செல்லமுடியாது.

அதற்கும் மேலாக, கோணல் என்பது வேறு, விலகல் என்பது வேறு. விலகிய ஆரைத் தலை வளர்ச்சியால் ஒருபோதும் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. எதிரே அழுத்தித் தன்னை வடிவமைக்கும் குமிழ் இல்லாததால் அதன் குழிவு மறைந்து, நாளடைவில் கூரைபோல் குவிந்துவிடுகிறது. தடையில்லாமல் வளரும் ஆரை அரந்தியைவிட நீண்டுபோகிறது. கிழிந்த வளைய நாரும் தழும்புத் திசுவும் மூட்டின் காலியிடத்தை நிரப்புகின்றன.

தொடக்கத்தில் பிள்ளைக்கு வலி இருக்காது என்பதே இதன் வஞ்சகம். தோளைத் தொடுமளவுக்குக் கை மடங்காது; உள்ளங்கையைத் திருப்புவதில் ஒரு பக்கம் குறையும்; பிள்ளை அதைத் தோளாலும் மணிக்கட்டாலும் ஈடுசெய்துகொள்ளும். பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் வலி, முன்கை வெளிப்பக்கம் சாய்தல், மூட்டு உறுதியின்மை, தேய்மானம் ஆகியவை தலைகாட்டலாம். விலகிய தலை அருகிலுள்ள ஆரை நரம்பின் ஆழ்கிளையை அழுத்தினால் விரல்களையும் கட்டைவிரலையும் நிமிர்த்துவது பலவீனமடையும். எல்லாருக்கும் எல்லாமும் வரும் என்பதில்லை. சிலர் பெரிய தொல்லை இல்லாமலே வாழ்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று ஏழு வயதில் கணிப்பது எளிதன்று.

சிகிச்சை: காலம் கடக்கக் கடக்க மாறும் கணக்கு

காயம் பட்ட சில நாள்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை பெரும்பாலும் எளிது. மயக்க மருந்து கொடுத்து அரந்தியை இழுத்து நேராக்கினால் ஆரைத் தலை தானாகவே உள்ளே அமர்ந்துவிடும். முன்னோக்கி விலகிய வகையில், முழங்கையைச் செங்கோணத்துக்கும் சற்று அதிகமாக மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். அரந்தி நிலையாக நிற்காது என்று தோன்றினால் உள்ளே கம்பியோ தகடோ வைப்பார்கள். இங்கே கவனிக்கவேண்டியது, இந்தத் தொடக்கநிலையிலும் கை வைக்கப்படுவது அரந்தியின்மேல்தான். அது நேரானால் மற்றது வழிக்கு வரும்.

இரண்டு மூன்று வாரங்களுக்குள் தெரிந்தாலும் வெட்டாமல் சரிசெய்யும் வாய்ப்பு ஓரளவு இருக்கிறது. ஏறத்தாழ நான்கு வாரங்களைத் தாண்டிவிட்டால் அரந்தி கோணலாகவே கூடிவிடும், மூட்டுக்குள் தழும்பு நிரம்பிவிடும். அதன் பிறகு அது தவறவிடப்பட்ட அல்லது நாள்பட்ட மாண்டேஜியா காயம் எனப்படுகிறது. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

பெற்றோரின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை. மூட்டைத் திறந்து, தழும்பை அகற்றி, ஆரைத் தலையைக் குமிழின்மேல் வைத்து, புதிய வளைய நார் ஒன்றைச் செய்து கட்டிவிட்டால் போதாதா என்று முந்தைய தலைமுறை மருத்துவர்களும் எண்ணினார்கள். பிரிட்டனைச் சேர்ந்த பெல் டாஸ் 1965இல் வெளியிட்ட முறையில், மேற்கையின் பின்புறத் தசையின் உறையிலிருந்து ஒரு நாடாவை உரித்தெடுத்து ஆரையின் கழுத்தைச் சுற்றி வளையமாக்கினார்கள். அந்த முறை இன்றும் பயனில் உள்ளது. ஆனால் அரந்தியின் கோணலைத் திருத்தாமல் நாரை மட்டும் நம்பினால் தலை மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம் என்பது அனுபவத்தில் தெரியவந்தது. குறுகிய, வளைந்த அரந்தி நடுச்சவ்வு வழியாக ஆரையை ஓயாமல் தவறான திசைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஏணியின் ஒரு கால் கோணலாக இருக்கும்போது மற்றக் காலைக் கயிற்றால் இறுக்கி எத்தனை நாள் நிறுத்தமுடியும்?

ஆகவே இன்றைய சிகிச்சையின் மையம் அரந்தியை வெட்டித் திருத்துவதாகும். அதன் பொதுவான படிகள் இவை:

1. முதலில் மூட்டு இன்னும் காப்பாற்றக்கூடியதா என்று பார்க்கிறார்கள். இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே. தேவைப்பட்டால் குருத்தெலும்பைக் காட்டும் எம்ஆர்ஐ படம். ஆரைத் தலையில் குழிவு எஞ்சியிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

2. அரந்தியை அதன் மேற்பகுதியில் வெட்டி, விலகலுக்கு எதிர்த்திசையில் வளைத்து, சற்று நீளமும் கூட்டுகிறார்கள். நேராக்குவதோடு நிற்பதில்லை, வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் மிகையாக வளைக்கிறார்கள். அப்போதுதான் நடுச்சவ்வு ஆரையைச் சரியான பக்கம் இழுத்துப் பிடிக்கும். அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரேயில் அரந்தி கோணலாகத் தெரிவதைக் கண்டு பெற்றோர் திடுக்கிடுவது இதனால்தான். அந்தக் கோணல் திட்டமிட்டது.

3. ஆரைத் தலை உள்ளே அமர மறுத்தால் மூட்டைத் திறந்து தடையாக உள்ள திசுவை அகற்றுகிறார்கள். உள்ளே அமர்ந்தபின் கையை மடக்கியும் நீட்டியும் திருப்பியும் பார்க்கிறார்கள். எல்லா நிலையிலும் தலை அசையாமல் நிற்கும் வரை அரந்தியின் கோணம் மாற்றப்படும்.

4. அந்தக் கோணத்தில் தகடும் திருகாணிகளும் கொண்டு எலும்பைப் பொருத்துகிறார்கள். வளைய நாரைப் புதிதாகச் செய்யவேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எலும்பு சரியாக அமைந்தால் நார் தேவையில்லை, அதைச் செய்தால் மூட்டு இறுகிவிடும் என்பது ஒரு சாராரின் வாதம். கூடுதல் உறுதி தரும் என்பது மற்றவர்களுடையது.

5. நான்கு முதல் ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. அதன் பிறகு பிள்ளை தானாகக் கையை அசைத்துப் பழகவேண்டும். மற்றவர் பிடித்து வலுவாக மடக்கி நீட்டுவது கூடாது.

ஆரை அதிகமாக வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் அவ்வளவு நீளத்தைக் கூட்டுவது கடினம். அவர்களுக்கு அரந்தியை வெட்டி, தோலுக்கு வெளியே சட்டம் ஒன்றைப் பொருத்தி, சில நாள் கழித்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் நீட்டுகிறார்கள். இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது, ஆரைத் தலை மெல்லக் கீழிறங்கித் தன் இடத்துக்கு வருகிறது. சில வேளை மூட்டைத் திறக்காமலேயே இது கைகூடுகிறது. ஆனால் அச்சட்டத்தோடு சில மாதங்கள் பள்ளிக்குப் போவதும், ஊசி நுழையும் இடங்களை நாள்தோறும் துடைத்துப் பராமரிப்பதும் குடும்பத்தின் பொறுப்பாகிவிடும்.

யாருக்கு இந்த அறுவை பலன் தரும்? ஜப்பானிய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு ஒன்று, 12 வயதுக்குள் அல்லது காயம்பட்ட 3 ஆண்டுகளுக்குள் செய்தால் முடிவு நன்றாக அமைவதாகக் காட்டியது. இதைக் கடுமையான எல்லைக்கோடாகக் கொள்ளாமல், வழிகாட்டியாகவே கொள்கிறார்கள். ஆரைத் தலை குவிந்து உருமாறிவிட்டால், வயது குறைவாக இருந்தாலும் அதை உள்ளே திணிப்பதால் நன்மையைவிடத் தீமை அதிகமாகலாம். வலியில்லாத, வயதில் மூத்த பிள்ளைக்கு அறுவை செய்யாமல் கண்காணிப்பதும் முறையான சிகிச்சையே. வளர்ச்சி முடியும் முன் ஆரைத் தலையை வெட்டி நீக்குவது மட்டும் தவிர்க்கப்படுகிறது. ஏனெனில் அதன்பின் ஆரை மேல்நோக்கி நகர்ந்து முழங்கையையும் மணிக்கட்டையும் கெடுக்கும்.

அறுவையின் அபாயங்களையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தலை மீண்டும் விலகலாம், நரம்பு தற்காலிகமாகச் செயலிழக்கலாம், வெட்டிய எலும்பு கூடத் தாமதமாகலாம், மூட்டு இறுகலாம். வெற்றிகரமான அறுவைக்குப் பிறகும் உள்ளங்கையைக் கவிழ்க்கும் அசைவில் கொஞ்சம் குறைவது வழக்கமானது. கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேட்கவேண்டியது “முழுதும் சரியாகுமா” என்பதைவிட, “எந்த அசைவு கூடும், எந்த அசைவு குறையும்” என்பதே.

ஓர் எச்சரிக்கை: விலகிய ஆரைத் தலை எல்லாமே காயத்தால் வந்தவை அல்ல. பிறவியிலேயே அப்படி அமைந்த பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் காணப்படும், பின்னோக்கி விலகியிருக்கும், அரந்தியில் பழைய முறிவின் தடம் இராது, தலை குவிந்தும் குமிழ் வளர்ச்சி குன்றியும் இருக்கும். தற்செயலாக விழுந்தபோது எடுத்த படத்தில் இது முதன்முதலாகத் தெரியவந்து, புதுக் காயம் என்று கருதப்படுவதுண்டு. இதற்கு மேற்கூறிய அறுவை பொருந்தாது.

வெளிப்புறக் குமிழ் முறிவு: பின்னாளில் சுண்டுவிரலில் தெரிவது

தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் மற்றொரு முக்கியக் காயம் மேற்கை எலும்பின் வெளிப்புறக் குமிழ்ப் பகுதி முறிவது. சிறுவர்களின் முழங்கை முறிவுகளில் இது இரண்டாவது அதிகம். முறிவுக்கோடு பெரும்பாலும் குருத்தெலும்பின் ஊடே செல்வதால், எக்ஸ்ரேயில் மெல்லிய எலும்புச் சீவல் ஒன்று மட்டுமே தெரியும். கையைச் சற்று உட்புறம் திருப்பி எடுக்கும் சாய்வுப் படத்தில்தான் உண்மையான இடைவெளி வெளிப்படும். அது 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கம்பி செருகிப் பொருத்துகிறார்கள். மூட்டுத் திரவம் முறிவுக்குள் புகுவதாலும் தசைகள் துண்டை இழுப்பதாலும் இது தானாகக் கூடுவது கடினம்.

கூடாமல் விட்டால் முழங்கை ஆண்டுக்கு ஆண்டு வெளிப்பக்கம் சாயும். உட்புறத்தில் ஓடும் அரந்தி நரம்பு (மேசை முனையில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் உணர்த்துவது) இழுபட்டு நலியும். சுண்டுவிரலில் மரமரப்பும் கைப்பிடியில் தளர்ச்சியும் வரும்போது அவர் பெரியவராகியிருப்பார். சிறுவயதில் விழுந்ததை அதோடு யாரும் தொடர்புபடுத்தமாட்டார்கள். நாள்பட்ட இம்முறிவைச் சரிசெய்யும்போது துண்டின் பின்புறத் திசுவைத் தொடாமல் இருக்கவேண்டும். இரத்தம் அவ்வழியாகவே வருகிறது. எனவே துண்டைப் பழைய இடத்துக்கு முழுமையாக இழுத்துவர முயலாமல், இருக்கும் இடத்துக்கு அருகிலேயே திருகாணியால் கூடவைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள் பலர். சாய்வைத் தனி அறுவையாலும், நரம்பை முன்பக்கம் இடமாற்றியும் திருத்தலாம்.

உட்புற மேட்டின் முறிவில் வேறொரு பொறி இருக்கிறது. முழங்கை விலகி மீண்டும் அமரும்போது உடைந்த மேடு மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும்; படத்தில் அது டிராக்ளியாவின் எலும்புப் புள்ளிபோல் தோற்றமளிக்கும். உட்புற மேடு முன்னதாகவே தோன்றவேண்டும் என்ற வரிசையை நினைவில் வைத்திருப்பவர் ஏமாறமாட்டார்.

எந்த முறிவும் தெரியாவிட்டாலும் ஒரு மறைமுக அடையாளம் உண்டு. மூட்டுக்குள் இரத்தம் கட்டும்போது பின்புறக் கொழுப்பு மேலெழுந்து கரிய நிழலாகப் படத்தில் தெரியும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், முறிவு தென்படாமல் இந்நிழல் மட்டும் இருந்த 45 சிறுவர்களில் 34 பேருக்கு, அதாவது 76 விழுக்காட்டினருக்கு, பிறகு எடுத்த படங்களில் முறிவின் சான்று கிடைத்தது. எனவே நிழல் இருந்தால் கட்டுப் போட்டு மீண்டும் அழைப்பதே வழக்கம்.

சுளுக்கு என்று உருவிவிடுவது

நம் வீடுகளில் பிள்ளை விழுந்து கையைப் பிடித்துக்கொண்டால் முதலில் சொல்லப்படுவது “சுளுக்கு” என்பதுதான். எண்ணெய் தடவி உருவிவிடுவதும், சின்சே எனப்படும் சீனப் பாரம்பரிய வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டுவதும் சிங்கப்பூரில் எல்லா இனத்தவரிடமும் உள்ள பழக்கம். இதற்கு ஓரளவு நியாயம் தரும் நிலை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: 1 முதல் 4 வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கும்போது வளைய நார் ஆரைத் தலையின்மேல் வழுக்கிச் சிக்கிக்கொள்வது. வீக்கம் இராது, குழந்தை கையைத் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்திருக்கும், பயின்றவர் முன்கையைத் திருப்பியதும் ‘களுக்’ என்று சரியாகி, சில நிமிடங்களில் குழந்தை விளையாடத் தொடங்கிவிடும். அந்த மாயம் கண்ட பாட்டி, அடுத்த முறை ஏழு வயதுப் பேரன் மரத்திலிருந்து விழுந்தாலும் அதையே நம்புவார்.

இரண்டையும் பிரிப்பது எளிது. விழுந்து வந்த வலி, வீக்கம், நான்கைந்து வயதைத் தாண்டிய பிள்ளை, சரிசெய்த பிறகும் அரைமணி நேரத்துக்குள் கையைப் பயன்படுத்தாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. காயம்பட்ட முழங்கையை உருவுவதால் முறிவு விலகுவதோடு, தசைக்குள் தேவையற்ற எலும்பு படிந்து மூட்டு நிரந்தரமாக இறுகும் அபாயமும் உண்டு. கட்டுப் பிரித்தபின் இறுகிய கையை வலுக்கட்டாயமாக நிமிர்த்துவதற்கும் இது பொருந்தும்.

கட்டுப் பிரித்த நாளும் முதல் நாள் படமும்

முழங்கை வீங்கியிருந்தால் நேரே சிறுவர் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம்; கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அது இருக்கிறது. நாள்பட்ட சந்தேகத்துக்குப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் சென்றால் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கமுடியும். அறுவைக்குப் பெற்றோர் தங்கள் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

கட்டுப் பிரித்தபின் முழங்கை சில வாரங்கள் இறுகியிருப்பது இயல்பு. அசைவு வாரத்துக்கு வாரம் கூடவேண்டும். வீட்டில் சோதிக்க, பிள்ளையை முழங்கைகளை இடுப்போடு ஒட்டி வைக்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தவும் கவிழ்க்கவும் செய்து பார்க்கலாம். பிறகு இரண்டு கைகளாலும் அந்தந்தத் தோளைத் தொடச் சொல்லவேண்டும். ஒரு கை மட்டும் ஓர் இடத்தில் கல்லில் இடித்ததுபோல் நின்று, இரண்டு மாதமாகியும் முன்னேறவில்லை என்றால் முழங்கைக்கென்றே தனியாக எக்ஸ்ரே கேட்பது நியாயமானது.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போன இடத்தில் பிள்ளை விழுந்து, அங்கேயே மாவுக்கட்டோ மூங்கில் பத்தைக் கட்டோ போட்டுக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. இங்கே மருத்துவர் முதலில் கேட்பது முதல் நாள் எடுத்த படத்தைத்தான். அரந்தி எங்கே முறிந்தது, ஆரைத் தலை அன்றே விலகியிருந்ததா, அப்போது அதன் வடிவம் என்ன என்பவற்றை வேறெந்தச் சோதனையாலும் திரும்பப் பெறமுடியாது. காயத்துக்கும் அறுவைக்கும் இடையே எத்தனை மாதங்கள் என்ற கணக்கும் அதிலிருந்தே தொடங்குகிறது. படச்சுருளாக இருந்தால் மடிக்காமல், குறுந்தட்டாக இருந்தால் உறையோடு, பயணப் பெட்டியில் எடுத்துவரவேண்டியது அதைத்தான்.